எண்பது எழுத்துக்குள்

பிரேமர்ஹாஃபனில் மழை.
தபால்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போன பெட்டிக்குள்
காப்பிக்கொட்டை அரைக்கும் கைமெஷின்,
மர உடம்பு, பித்தளைப் பிடி,
கூடவே யாரோ ஒருவரின் இருபது வருடச் சுருட்டு.
இழுப்பறையைத் திறந்தால் நாற்றம்.
மூடினாலும் நாற்றம்.

விற்றவர் ஹாகன் ட்ரெப்டோ, ஊர் கெர்லிட்ஸ்.
"நல்ல நிலை" என்று போட்டிருந்தார்.
நல்ல நிலைதான்,
மூக்கு இல்லாதவர்களுக்கு.

இரவு பதினொன்றுக்கு ஒரு வரைவு.
அதில் "ஏமாற்று" என்ற சொல் இரண்டு தடவை.
விரல் பொத்தானைத் தொடப் போகையில்
அடுப்பில் கெட்டில் விசிலடித்தது.
கெட்டிலுக்கு நன்றி.

கட்டத்தில் இடம் எண்பது எழுத்துக்கு.
கோபத்துக்கு அது தாராளம்,
நியாயத்துக்குத்தான் போதவில்லை.

இங்கே எல்லோரும் முடிப்பது ஒரே வாக்கியத்தில்:
"மீண்டும் வாங்குவேன், மகிழ்ச்சியோடு."
ஊன்றுகோல் வாங்கியவரும் அப்படியே.
பூனைக்கு அஸ்திக்கலசம் வாங்கிய பெண்மணியும் அப்படியே,
ஐந்து நட்சத்திரத்தோடு.
இன்னும் எத்தனை பூனைகளோ அவரிடம்.

அப்படிப் பூசி மெழுகவும் கை வரவில்லை.

விடிந்ததும் அவருக்கே தனியாக எழுதினேன்.
தெருவில் நின்று கத்த
எப்போது வேண்டுமானாலும் முடியும்;
முதலில் கதவைத் தட்டுவோம்.
"ஐயா, வீட்டில் புகைப்பீர்களா?"

மறுநாள் பதில்:
"திருமதி வீப்கே ஓல்ட்மன்ஸ் அவர்களுக்கு,
நான் புகைப்பதில்லை. முன்பு வைத்திருந்தவராக இருக்கலாம்.
போன வருடக் காய்ச்சலுக்குப் பிறகு
எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை.
ஆறு யூரோ திருப்பி அனுப்பட்டுமா?"

நான் அடித்த கிண்டல்
தபால் செலவில்லாமல் என்னிடமே வந்து சேர்ந்தது.

ஆறு யூரோவை வாங்கிக்கொண்டேன்.
இரக்கம் வேறு, கணக்கு வேறு.

இழுப்பறையில் சமையல் சோடா தூவி
பால்கனியில் மூன்று நாள் வைத்தேன்.
நாலாம் நாள்தான் எழுதினேன்:
"நன்றாக அரைக்கிறது. புகை வாசம் உண்டு.
கேட்டால் ஒளிக்காமல் பதில் சொல்கிறார்."
அடுத்து வாங்குபவருக்கு இது போதும்.
எண்ணிப் பார்த்தேன், இடம் மிச்சமிருந்தது.
அதில் மூக்கைப் பற்றி எழுதவில்லை.
அது அவருடையது.

சாயங்காலம் அவர் எனக்குப் போட்டிருந்தார்:
"உடனே பணம் கட்டினார். கேள்வி கேட்டார்.
மீண்டும் விற்பேன், மகிழ்ச்சியோடு."

அந்தக் கடைசிச் சொல்லை நம்பலாமா என்று
அரைத்துக்கொண்டே யோசிக்கிறேன்.