எட்டாம் குழுவை வெளியே எறியும் நாள்

மெத்தையை இழுத்து வருவது என் வேலை.
உடற்பயிற்சி அறையிலிருந்து முன்வாசல் வரை.
நீல நிறம், ஒரு மூலையில் பஞ்சு பிதுங்கும்,
நனைந்த நாயின் வாடை.
ஃபிரீஸ்லாந்தின் ஜூலையில்
மழைக்கும் மழைக்கும் நடுவே
ஒரு சட்டை காயும் நேரமாவது கிடைக்கும்.
இன்று அதுவும் இல்லை.

காலையில் மிஷன் உண்டியலைக் கவிழ்த்து எண்ணினேன்.
திங்கள்தோறும் பிள்ளைகள் போட்டது:
இருநூற்றுப் பன்னிரண்டு யூரோ, முப்பத்தைந்து சென்ட்,
சுவீடன் நாணயம் ஒன்று,
நாலு துளையுள்ள பழுப்புப் பொத்தான் ஒன்று.
பொத்தானையும் கணக்கில் எழுதினேன்.
ஏழை விதவையின் இரண்டு காசைக்
கவனித்தவர் ஒருவர் இருந்தாரே,
அவர் கேட்டால் சொல்ல வேண்டும்.

நடைவழி மேசையில்
வருடம் முழுக்கத் தொலைந்தவை.
ஜோடி இல்லாத கையுறை பதினொன்று,
பல்லுக்குப் போடும் கம்பி,
திறக்க எனக்குத் துணிவில்லாத ரொட்டி டப்பா.
பேதுரு மூன்று தரம் மறுதலித்தான்.
வீப்ரென் தன் மழைக்கோட்டை
ஒரே தரத்தில் மறுதலித்தான்,
உள் கழுத்தில் அவன் பெயர் தைத்திருக்க.
சேவல் கூவவில்லை. மணிதான் அடித்தது.

கடைசிக் கதையாக
ஆவுக்கெ டீச்சர் யோனாவைச் சொன்னார்.
மீன் அவனைக் கரையில் கக்கியதும்
எரித்ரியாவிலிருந்து வந்த ஃபில்மோன் கை தூக்கினான்:
"அப்புறம் மீனுக்குப் பசித்திருக்குமா?"
வேதத்தில் அது இல்லை என்றார் டீச்சர்.
கொஞ்சம் யோசித்துவிட்டு
பிஸ்கட் டப்பாவைத் திறந்தார்.

பிறகு எறிதல்.
ஹெசெல் சார் தோளைப் பிடிக்க
டீச்சர் காலைப் பிடிக்க
ஒன்று, இரண்டு,
மூன்றில் பள்ளிக்கூடம் ஒரு பிள்ளையை இழக்கும்.
குடைகளுக்கு அடியில் பெற்றோர் கூச்சல்.
எட்டு வருடம் இப்படித்தான் முடிகிறது,
ஒரு 'தொப்',
முழங்கால் நனைந்து, பல் தெரிய.
பதினான்காவது பிள்ளையில்
ஹெசெல் சார் இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

பதினைந்தாவது யில்டவ்.
வகுப்பிலேயே உயரம், வகுப்பிலேயே கனம்.
மே மாதமே என்னிடம் வந்து கேட்டிருந்தாள்,
மெத்தை எத்தனை கிலோ தாங்கும் என்று.
நானே அதில் தூங்கியிருக்கிறேன் என்றேன்.
அவள் சிரிக்கவில்லை.

இப்போது ஹெசெல் சாரின் இடுப்பைப் பார்த்தாள்.
"நான் நடந்தே போகிறேன்."

வெளியே போகிறவர் எவரும் துடைக்காத கால்மிதியில்
இரண்டு காலையும் துடைத்தாள்.
படி இறங்கினாள்.
மெத்தையைச் சுற்றிக்கொண்டு போனாள்,
பூச்செடி வைத்த இடத்தைச் சுற்றுவது போல.
கைதட்டலாமா கூடாதா,
யாருக்கும் தெரியவில்லை.
குடைமேல் மழை மட்டும் தட்டியது.

நாலு மணி.
போதகர் ஆசீர்வாதம் சொல்லிப் போயாயிற்று.
மேசைமேல் நாற்காலிகள் தலைகீழாய் நின்றன.
நான் மெத்தையை உள்ளே இழுக்கும்போது
பின்கதவு வழியாக வந்தாள், விளையாட்டுப் பை எடுக்க.
"டுர்க், எல்லாரும் போய்ட்டாங்களா?"
போய்ட்டாங்க.
"அதைக் கொஞ்சம் கீழே போடு."

போட்டேன்.
நடைவழியின் கடைசிக்குப் போனாள்.
முதல் குழுப் பிள்ளைகளின் குட்டி அங்கி மாட்டிகளைத் தாண்டி
ஓடி வந்தாள்,
ஓடி வந்தாள்,
வாசலைத் தாண்டியதும்
அவளை யாரும் பிடித்திருக்கவில்லை.

மறு மூலையிலும் பஞ்சு வந்துவிட்டது.
கண்ணை மூடிக்கொண்டு மழையில் கிடந்தாள்,
கடலைவிட்டு வந்தவன் எப்படிக் கிடப்பானோ அப்படி.
நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.
என்ன சொல்ல? மீனும் ஒன்றும் சொல்லியிருக்காது.

எழுந்தாள். சைக்கிளில் ஏறினாள்.
வாய்க்கால் பாலம் வரை பார்த்தேன்.

எதற்கு வந்தாளோ
அந்தப் பையை எடுக்கவே இல்லை.
கையுறைகளுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.
காலுறை வாடை அடிக்கிறது.