வருவதற்கு முன்னால்

மலைக்குப் போகும் வண்டியில்
எஞ்சின் மூடிமேல் துண்டை மடித்துப் போட்டு
அவனை உட்காரவைப்பேன்.
நாலு வயசு. பால்வாடிக்கு லீவு.
கோரிமேடு தாண்டும்வரை ஹாரன் அவனுடையது.
அடிவாரம் வந்ததும் எலுமிச்சம்பழத்தை
மூக்கருகே பிடித்துக்கொள்வான்.

ஏழாம் வளைவில் சொல்வான்,
"அப்பா, வயித்துல பூனை பொரளுது."
பத்தில், "பூனை எந்திரிச்சிருச்சு."
பதினாலில், "அப்பா, வருது."
ஓரங்கட்டுவேன்.
கண்டக்டர் குழந்தைவேலு கதவைத் திறந்து
அவன் நெற்றியைத் தாங்கிப் பிடிப்பார்.
ஒருநாளும் வண்டிக்குள் வாந்தி எடுத்ததில்லை.
வருவதற்கு முன்னால் சொல்லத் தெரிந்த பிள்ளை என்று
டெப்போ முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அழுகைக்கு மட்டும் வேறு சட்டம்.
மூணு எண்ணுவேன், அதற்குள் நிறுத்த வேண்டும்.
எவனோ அவன் சிவப்புக் காரைப் பிடுங்கிவிட்டான்.
ஒண்ணு.
எதிர்வீட்டு ஷாலு குடிபோன லாரி தெருமுனையில் திரும்புகிறது.
ஒண்ணு. ரெண்டு.
மூணு சொல்ல வேண்டி வந்ததே இல்லை.
கீழுதட்டை மடித்து எல்லாவற்றையும்
உள்ளே இழுத்துக்கொள்வான்.
அதையும் டெப்போவில் பெருமையாகத்தான் சொன்னேன்.

ஜோதிலட்சுமி டீச்சர் ஒருமுறை
கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
"கையக் கடிச்சுக்கிறான் சார்.
என்னடான்னு கேட்டா சொல்லத் தெரியல அவனுக்கு."
எனக்கு ஆறு பத்து ட்ரிப்.

இப்போது சர்வேஷுக்குப் பதினாறு.
ஐப்பசியிலிருந்து சரியான தூக்கம் இல்லை.
சோற்றில் விரலால் கோடு கிழித்து
இரண்டாகப் பிரித்துவிட்டு எழுந்து போகிறான்.
பள்ளிக்கூடம் என்று கிளம்பி மூன்று வாரம்
மூக்கனேரிக் கரையில் உட்கார்ந்திருந்தானாம்.
அவன் அறைத் தாழ்ப்பாளைக் கழற்றி
அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைத்திருக்கிறாள் மேகலா.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

பெரியாஸ்பத்திரி. ரெஜினா டாக்டர்.
"எப்படிப்பா இருக்கு?"
"ஒண்ணுமில்ல மேடம்."
"எங்க இருக்கு?"
"எங்கயும் இல்ல."
டிராயரிலிருந்து அட்டைகளை எடுத்துப் பரப்பினார்,
சின்னப் பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் முகங்கள்.
பார்த்துவிட்டுச் சிரித்தான்.
அந்தச் சிரிப்பு எந்த அட்டையிலும் இல்லை.
அப்படியே என் பக்கம் தள்ளினார்.
"நீங்க சொல்லுங்க சார்."

இது கோவம்.
இதுவும் கோவம்.
இது... கோவந்தான்.
மூன்றாவதைத் திருப்பிக் காட்டினார்.
பயம் என்று எழுதியிருந்தது.
இருபத்திரண்டு வருஷமாக
அந்த முகத்தைக் கண்ணாடியில் பார்த்துத்தான்
வண்டியை எடுக்கிறேன்.

மாத்திரை உண்டு. செவ்வாய்க்கிழமைகளில் பேச்சு உண்டு.
நாளாகும் என்றார். எத்தனை நாள் என்று சொல்லவில்லை.

நேற்று கடைசி ட்ரிப்புக்குத் தானாகவே வந்து ஏறினான்.
முன் சீட்டு. காதில் ஒயர்.
பனி. வைப்பர் ஒரு பக்கம்தான் வேலை செய்கிறது.
சாமி படத்துக்கு வைத்த எலுமிச்சம்பழம்
வளைவுக்கு வளைவு டேஷ்போர்டில் உருண்டது.
பதினொன்றோ பன்னிரண்டோ, ஒயரைக் கழற்றினான்.
என்னமோ சொன்னான்,
கியர் சத்தத்தில் கேட்கவில்லை.
"என்னடா?"
"அப்பா, வருது."

வாந்தி இல்லை.
பதினாலு வரட்டும் என்று பார்க்காமல் ஓரங்கட்டினேன்.
புதுக் கண்டக்டர் பையன்
விசிலை வாயில் வைத்தபடி என்னையே பார்க்கிறான்.
"என்ன டிரைவரே, பஞ்சரா?"
பின் சீட்டில் யாரோ.

முன்கம்பியில் சாய்ந்து
வாய்விட்டு அழுதான், தாடி முளைக்கத் தொடங்கிய என் பிள்ளை.
சிவப்புக் காருக்கும் சேர்த்தோ என்று நினைத்தேன்.
அப்படி இருக்காது. எனக்கு என்ன தெரியும்.
எழுந்து போய் நெற்றியைத் தாங்கிப் பிடித்தேன்.
கனமாக இருந்தது.
கீழிருந்து ஏறி வந்த லாரி
ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது.
நான் எண்ணவில்லை.