நடுக்குரல்

திபிலிசி ஸ்டேஷன் சதுக்கத்துச் சுரங்கப் பாதையில்
என் கடை நாலடி அகலம்.
ஒரு பக்கம் சாக்ஸ் விற்கும் மக்வாலா,
மறுபக்கம் சாவி நகல் எடுப்பவன்.
அவன் இயந்திரம் கீச்சிட்டால்
என் ஹெட்போன்களின் மேல்ஸ்தாயி எல்லாம்
ஒரே மாதிரிதான் கேட்கும்.

வருகிறவர்கள் கேட்பது ஒன்றே:
"அதிருமா?"
அதிரும் என்பேன். அதிர வைத்தும் காட்டுவேன்.
தாடை எலும்பு வரை தாளம் இறங்கும்.
தலையை ஆட்டி, காசைக் கொடுத்து,
படியேறிப் போய்விடுவார்கள்.
பன்னிரண்டு வருடமாக
என் வாய்க்குத்தான் வேலை, காதுக்கு இல்லை.

சியூரி வந்தாள், மெட்ரோ சீருடையோடு.
ருஸ்தாவேலி நிலையத்தில்
இறங்கி இறங்கித் தீராத அந்த நகரும் படிக்கட்டு,
அதன் அடியில் ஒரு கண்ணாடிக் கூண்டு,
அதற்குள் எட்டு மணி நேரம்
யாரும் விழாமல் பார்த்துக்கொண்டிருக்கும் உத்தியோகம்.
"வீட்டுக்குப் போகும்போது ரயிலில் கேட்க."
"என்ன பாட்டு?"
"எங்கள் பாட்டுதான்."

போனில் இருந்தது வியாழக்கிழமை ஒத்திகை.
பதினோரு பெண்கள், மூன்று குரல்கள்.
மேலே ஒன்று பறக்கும்,
கீழே ஒன்று தரையாகக் கிடக்கும்,
நடுவில் நாலு பேர்.
அந்த நாலில் ஒருத்தி, மூன்றாம் அடியில்
சுருதி இறங்குகிறாளாம்.
யாரென்று லமாரா சொல்லவில்லை.
சொல்லாமல் நாலு பேரையும் பார்த்தாளாம்.

விலை கூடியதை எடுத்துக் கொடுத்தேன்.
தோல் மெத்தை, தங்க எழுத்து.
"அழகாக இருக்கிறது" என்றாள்,
அழகில்லாத குரலில்.
நானும் வாங்கி மாட்டிப் பார்த்தேன்.
அடிக்குரல் பாகாகப் பொங்கி
நடுவை மூடியிருந்தது.
குற்றவாளியும் சேர்ந்து தித்தித்தாள்.

அடுத்தது நல்ல வெளிச்சம், ஆனால்
எங்கள் மொழியில் மெய்யெழுத்துகள்
தோளோடு தோள் இடித்து நிற்கும்.
இதில் ஒவ்வொன்றும் ஊசி.

கீழ்ப்பெட்டியைத் துழாவினேன்.
ஆரஞ்சு நிறப் பஞ்சு, வளைந்த கம்பி.
அதிரவில்லை என்று எவனோ திருப்பிக் கொடுத்தது.
அவள் அதை மாட்டவில்லை.
"இங்கே கேட்டு என்ன செய்ய?
ரயிலுக்கு வாருங்கள்."

ஷட்டரை இறக்கினேன்.
கழுத்தில் மூன்றையும் மாலையாகப் போட்டுக்கொண்டு
மாப்பிள்ளை மாதிரி போனேன்.

எங்கள் ரயில் ஓடாது, அலறும்.
தங்க எழுத்தின் பாகையெல்லாம்
முதல் வளைவிலேயே சக்கரம் நக்கிவிட்டது.
ஊசியை அடுத்த நிலையத்திலேயே கழற்றினாள்.
பஞ்சு எதையும் தடுக்கவில்லை.
அலறலும் வந்தது, பாட்டும் வந்தது.
ஆனால் அவள் முகத்தைப் பார்த்தேன்:
நெரிசலில் தெரிந்தவரைக் கண்டதுபோல்
கண் ஓரிடத்தில் நின்றது.
பின்னோக்கி ஓட்டினாள். மறுபடி.
இன்னொரு முறை, உதடு சேர்ந்து அசைய.

திதுபேயில் ரயில் வெயிலுக்குள் ஏறியபோது
"நான்தான்" என்றாள்.

என்ன சொல்வதென்று தெரியாமல்
"முப்பது லாரி" என்றேன்.
"கெட்ட செய்தி சொல்கிறது, இதற்கு முப்பதா? இருபது!"
கத்தித்தான் பேரம் பேசினோம்.
எதிரே உருளைக்கிழங்கு மூட்டையோடு இருந்தவர்
இருபத்திரண்டு என்று தீர்ப்புச் சொன்னார்.
அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு இறங்கினாள்,
மூன்றாம் அடியை முணுமுணுத்தபடி.
ஒரு மயிரிழை மேலே.

"விற்றாயா?" என்றாள் மக்வாலா.
"விற்றேன்."
"எதை?"
"அதிராததை."
மாலைக் கூட்டத்தில் கடையை விட்டுப் போனதற்கு
இருபத்திரண்டு லாரியா என்பதுபோல் பார்த்தாள்.

சாவிக்காரன் தொடங்கினான்.
எத்தனையோ வருடமாக அதே கீச்சு.
இன்றுதான் காது கொடுத்தேன்.
கொஞ்சம் இறங்கித்தான் இருக்கிறது.