மெத்தைக் கடைக்கு மேலே

பிட்ஸ்பர்க், லிபர்ட்டி அவென்யூ.
கீழே மெத்தைக் கடை. மேலே நாங்கள்
முப்பத்தொரு பேர், தூங்காதவர்கள்.
இந்த நகைச்சுவையை முதல் வாரமே
ஆளாளுக்குச் சொல்லித் தீர்த்துவிட்டோம்.

கட்டணம் பூஜ்யம் என்றது சேர்க்கைக் கடிதம்.
பூஜ்யத்திலிருந்து எண்ணுங்கள் என்றார்கள்
முதல் வகுப்பில்.
எனக்கு இரண்டுமே நம்பக் கஷ்டமாயிருந்தது.
இடைக்கால இசை வரலாற்றில் வாங்கிய பட்டத்துக்கு
மாதம் இருநூற்றுப் பன்னிரண்டு டாலர்
இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

லோர்னா ஹ்ருஷ்கா லத்தீன் படித்தவள்.
மூன்றரைக்கு எழுந்து பேக்கரிக்குப் போவாள்,
ஒன்பதுக்குச் சட்டைக்கையில் மாவோடு வருவாள்.
அவள் விசைப்பலகையில் இடைவெளிப் பொத்தான் மட்டும்
எப்போதும் வெள்ளை.
டெஸ்மண்ட் டீக் இறையியல்.
பாதியில் நம்பிக்கை போய்விட்டதாம்,
பட்டம் மட்டும் வந்து சேர்ந்ததாம்.

பிப்ரவரியில், தன்னைத்தானே அழைக்கும் நிரல்.
என்னுடையது அழைத்தது, அழைத்தது,
யாரும் எடுக்காத தொலைபேசியைப்போல
நினைவகம் தீரும்வரை.
"எங்க நிக்கணும்னு நீ சொல்லவே இல்லையே"
என்றாள் லோர்னா, தோளுக்குப் பின்னாலிருந்து.
ஒரே ஒரு வரி சேர்த்தேன்.
உள்ளே போனவை ஒவ்வொன்றாக
கையில் விடையோடு திரும்பி வந்தன.
அழுதாயா என்று பிறகு டெஸ்மண்ட் கேட்டான்.
ஜன்னல் வழியே பனிக்காற்று என்றேன்.
அந்த மாடியில் எந்த ஜன்னலும் திறக்காது.

மே மாதம்
பணம் கொடுத்தவரின் கம்பெனி கைமாறியது.
காபி இயந்திரம் முதலில் போனது,
அப்புறம் ஆசிரியர்கள்.
இயங்குதளப் பாடம் பாதியில் நின்றது.
லோர்னா எழுந்து பலகைக்குப் போனாள்.
நேற்று ராத்திரிதான் படித்தேன், தப்பிருந்தால் சொல்லுங்கள்.

அன்றைய பாடம் முட்டுக்கட்டை.
அவள் கையில் பேனா, டெஸ்மண்ட் கையில் துடைப்பான்.
எழுத இரண்டும் வேண்டும் இருவருக்கும்.
இருப்பதை விடமாட்டார்கள்.
நின்றார்கள், நின்றுகொண்டே இருந்தார்கள்,
சிரிப்பு அடங்கி
கொஞ்சம் பயமாகவே ஆகிவிட்டது.

அப்போதுதான் கவனித்தோம்,
வாசலில் கட்டட உரிமையாளர் விட்டாக்கர்,
மூன்று மாத வாடகை பாக்கி, கையில் புதுப் பூட்டு.
எவ்வளவு நேரமாய் நிற்கிறாரோ.
பின்வரிசை நாற்காலியில் மெல்ல உட்கார்ந்து
"சரி, யார் முதல்ல விடணும்?" என்று கேட்டார்.

அது நாளைக்கு, என்றாள் லோர்னா.

மறுநாளும் வந்தார்.
பூட்டுவதற்குத்தான்.
ஆனால் நான்கு மணிப் பாடத்துக்கு
மூன்று ஐம்பதுக்கே.