அடிவாசம்

தேன்மெழுகு நூறு கிராம்,
தேங்காயெண்ணெய் அதில் பாதி.
சருவத்தில் தண்ணீர் கொதிக்க
நடுவே நிற்கும் எவர்சில்வர் செம்பில்
மெழுகு விளிம்பில்தான் முதலில் இளகும்,
வீம்பு பிடித்த பிள்ளை
கண்ணோரத்தில் இளகுவதைப்போல.

தாம்பாளத்தில் ஊற்றினேன்.
ஆறியபின் விரல் வைத்தால்
பள்ளம் விழ வேண்டும், ஒட்டக் கூடாது.
அதன்மேல் பிச்சிப்பூ, காம்பு கிள்ளி, குப்புற.
விடிந்ததும் வாடியதைப் பொறுக்கிவிட்டுப்
புதுசு பரப்ப வேண்டும்.
மூன்று ராத்திரி. முக்கால் கிலோ பூ.
"வீட்ல என்ன விசேசம்?" என்றார் பூக்காரர்.
மெழுகுக்குக் கல்யாணம் என்றேன்.

நாலாம் நாள் சிறுதீயில் திரும்ப இளக்கி
புளியங்குடி எலுமிச்சைத் தோல்
காயவைத்து இடித்தது ஒரு கரண்டி,
நசுக்கிய கிராம்பு இரண்டு.
ஐஸ் தட்டில் பதினாலு வில்லை.

பெருமாள்புரத்து டாக்டர் வீட்டம்மா
பதினாலையும் வாங்கிக்கொண்டார்.
விளக்குச் சட்டியில் இரண்டை உருக்கிப் பார்த்துவிட்டுப்
பன்னிரண்டைத் திருப்பிக் கொடுத்தனுப்பினார்.
ஃபோனில் மரியாதையாகத்தான் சொன்னார்:
"பூ வாசம் அருமையா இருக்கும்மா.
ஆனா பின்னாடியே ஒரு பீடி வாசம் வருது."

கழிவு எனக்குப் புதிதில்லை.
கம்பெனியில் வாராவாரம் செக்கர்
கட்டை உள்ளங்கையில் உருட்டி
நுனி மடியாததை ஒடித்துப் போடுவார்.
அந்தத் தப்பு என் கண்ணுக்கே தெரியும்.

இதை மோந்து பார்த்தேன். பிச்சி.
அவரிடம் நீட்டினேன்.
"பிச்சிதான், வேற என்ன" என்று பேப்பரைத் திருப்பினார்.
ஷிஃபானாவுக்கு எலுமிச்சை மிட்டாய் ஞாபகம் வந்தது,
தின்னலாமா உம்மா என்றாள்.
ஜொகரா மைனி தூள் உதறாத கையோடு வாங்கி
மூக்கில் வைத்து இழுத்து
"ஏட்டி, எந்தப் பீடியச் சொல்லுதாவ அவிய?" என்றாள்.

மேலப்பாளையத்தில் வேறு யாரிடம் போய்க் கேட்பது.

மெழுகு வாங்க ஜங்ஷனுக்குப் போன பஸ்
கொக்கிரகுளம் தாண்டி ஆற்றுப்பாலத்தில் நின்றது.
முன்னால் ஏதோ லாரி.
ஆனி மாசத்துக் காற்று,
மலையில் எங்கோ சாரலில் நனைந்து வந்தது,
ஜன்னல் வழியாக என் மூக்கைக் கழுவியது.
டப்பாவைத் திறந்தேன்.

முதலில் பிச்சி.
அப்புறம் எலுமிச்சைத் தோல்.
கிராம்பு, ஒரு நொடி.
அதற்கும் கீழே
நனைத்த இலை, சாக்குப் பிரித்த தூள்,
மூன்று ராத்திரியும் தாம்பாளத்துக்கு
ஒரு முழத்தில் மூடாமல் கிடந்த சொளகு.
மெழுகு எதையும் கழிப்பதில்லை.
பக்கத்தில் கிடப்பதையெல்லாம் வாங்கி வைத்துக்கொள்கிறது.

அடுத்த சீட்டுப் பெண்
கைக்குட்டையால் மூக்கை மூடியிருந்தாள்.
டப்பாவைத் திறக்கும் முன்பிருந்தே
மூடியிருந்தாள் என்பது
பஸ் நகர்ந்த பிறகுதான் உறைத்தது.

இப்போது தாம்பாளம் ஃபிரிட்ஜுக்குள்,
இறுக்கின மூடியோடு.
மீன் வாங்கினால் அன்றைக்கே குழம்பு.
பெருமாள்புரத்திலிருந்து இருபத்தெட்டு கேட்டிருக்கிறார்கள்.

பழைய பன்னிரண்டில் ஒன்றை
கத்தரியின் ஆணியில் தேய்த்துவிட்டேன்.
கிறீச்சென்று கத்துவதை விட்டுவிட்டது.
இலை வெட்ட வெட்ட
விரலிடுக்கில் பிச்சி வந்து போகிறது.

நேற்று செக்கர் ஒரு கட்டை
உருட்டப் போனவர் நிறுத்தி
மூக்குப் பக்கம் கொண்டுபோனார்.
என்னை ஒரு பார்வை பார்த்தார்.
ஒன்றும் சொல்லவில்லை.
கழிக்கவும் இல்லை.