நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

கிறிஸ்துமஸுக்கு மகன் கொடுத்த நாவல்.
கடையில் மாற்றிக்கொள்ளும் சீட்டை
அவனே முதல் பக்கத்தில் ஒட்டியிருந்தான்.
என்னைத் தெரிந்தவன்.
பிய்த்தெடுத்து அடையாளத்துக்கு வைத்தேன்.
நூற்றுப் பன்னிரண்டில் நிற்கிறது.

மேலே போக முடியவில்லை என்பது மரியாதைக்கு.
பிடிக்கவில்லை.

எனக்கு ரசனை இல்லை என்று சொல்லிவிட முடியாது.
ஐஸ்லாந்தின் மேற்குக் கரையில்
பனி வாரும் லாரி ஓட்டுகிறேன்.
சரிவு எச்சரிக்கை வந்தால் பாதையை மூடிவிட்டு
சுரங்க வாயிலில் மணிக்கணக்காய் நிற்பேன்,
என்ஜினை அணைக்காமல்,
தலைக்கு மேல் ஒரு சின்ன விளக்கோடு.
அங்கே படித்தது கொஞ்சமில்லை.

அந்த நீல அட்டைக் கவிதைகள்,
ரெய்க்யாவிக்கில் எல்லோரும் தலையில் வைத்து ஆடியவை:
இரண்டு வரிகளுக்கு நடுவில்
என் லாரியைத் திருப்பி நிறுத்தலாம்.
வெற்றிடத்துக்கும் சேர்த்துக் காசு வாங்கிவிட்டாள் என்று திட்டினேன்.
பிறகு நாற்பத்தொன்றாம் பக்கத்தில்
"அப்பா இறந்த இரவு
ஃபிரிட்ஜ் எப்போதும்போல் ஓடிக்கொண்டிருந்தது."
புத்தகத்தை மூடிவிட்டேன்.
அவளை மன்னிக்க வேண்டியதாயிற்று, எரிச்சலோடு.

செங்கல் கனத்தில் ஒரு வெளிநாட்டு நாவல்,
நூலகத்தில் எடுத்தது.
எஜமானர்கள் காதலித்துக் காதலித்துக் களைத்துப்போனார்கள்.
எனக்கு வண்டிக்காரனைத்தான் பிடித்தது.
அவன் ஒரே வரியில் செத்தான்.
அடுத்த வரியில் விருந்து.
ஓரத்தில் பென்சிலால் கிறுக்கினேன்:
"குதிரைகளை யார் பார்த்துக்கொண்டார்கள்?"
அடுத்த குளிர்காலத்தில் மறுபடி எடுத்தபோது
என் எழுத்துக்குக் கீழே வேறொரு கையெழுத்து:
"அதையேதான் நானும் தேடுகிறேன்."
அந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்த வாக்கியம் அது.

சனிக்கிழமை, ஊர் நீச்சல் குளம்.
வெந்நீர்த் தொட்டியில் கழுத்துவரை நாலு பேர்:
எலக்ட்ரீஷியன் ஓடூர், பல் மருத்துவமனை போர்கில்தூர்,
நான், அப்புறம் அவன்.
நாவலாசிரியன் பிராந்தூர்,
அவித்த இறாலைப்போல் சிவந்த தோளோடு.
தலையில் பனி விழுந்துகொண்டிருந்தது.
இங்கே 'நீங்கள்' கிடையாது,
யாராயிருந்தாலும் நீதான்.
"படித்தாயா?" என்றான்.

ஓடூர் நீராவிக்குள் ஒளியப் பார்த்தான்.

"நூற்றுப் பன்னிரண்டில் நிறுத்திவிட்டேன்.
மீன் ஆலையில் பத்து மணி நேரம் வெட்டிவிட்டு வருகிறாள் உன் ஆள்.
வந்ததும் ஜன்னலில் நின்று கடலைப் பார்த்து ஏங்குகிறாள்.
பதினோரு வருஷம் நான் அந்த வேலை பார்த்தவள்.
வீட்டுக்கு வந்து எவளும் கடலைப் பார்ப்பதில்லை.
உட்கார்ந்து விரலை மடக்கப் பார்ப்போம்.
மடங்காது.
தொலைக்காட்சியில் எது ஓடினாலும் பார்ப்போம்,
ரிமோட்டை அழுத்த வலுவில்லாமல்."

போர்கில்தூர் சிரித்துவிட்டு உடனே நிறுத்திக்கொண்டாள்.

அவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:
"என் அம்மா நின்றாள். தினமும்."

ஹெர்திஸ்.
எனக்கு அடுத்த மேசை.
பதினோரு வருஷத்தில் கத்தியைக் கேட்டிருக்கிறாள்,
நேரம் கேட்டிருக்கிறாள்.
வேறெதுவும் நினைவில் இல்லை.

நான் மன்னிப்புக் கேட்டிருக்கலாம்.
"அப்படியானால் அவள் விரல்கள் எங்கே?" என்று கேட்டேன்.
"ஜன்னல் இருக்கிறது, கடல் இருக்கிறது,
கையை மட்டும் எங்கே விட்டாய்?"

அவன் எழுந்து போனான்.
கோபமா, வேகவைத்த சூடா, தெரியவில்லை.

செவ்வாய் இரவு பாதை மறுபடி மூடியது.
சீட்டை நகர்த்தினேன்.
நூற்றுப் பதின்மூன்று சுமார்.
பதினான்கில் 'வெள்ளி அலைகள்' மூன்று முறை.
பதினாறில் அவள் இன்னும் ஜன்னலில்தான் நிற்கிறாள்.
இந்த முறை அவசரப்படுத்தவில்லை,
நிற்கட்டும் என்று விட்டேன்.
அவள் முகம் எப்படி இருந்தது என்று
நினைவுபடுத்திப் பார்த்தேன்.
முகக்கவசம்தான் வந்தது,
வெள்ளைத் தொப்பியும்.

நூற்றுப் பத்தொன்பதில் ரேடியோ கரகரத்தது:
பாதை திறக்கலாம்.

நாவல் இன்னும் எனக்குப் பிடிக்கவில்லை.
கடையில் மாற்றும் தேதி
போன மாதமே முடிந்துவிட்டது.