குடம் பதினைந்து ரூபாய்

பாம்பனில் நாலு பக்கமும் கடல்.
மீனுக்கு ஊற்றத்தான் தண்ணீர் இல்லை.

லாரிக் குடம் பதினைந்து ரூபாய்.
முதல் குடம் உலைக்கு.
அடுத்ததை ஒரு பகல் ஒரு ராத்திரி
மூடாமல் வைத்து
குளோரின் வாடை போனபின்
தொட்டியில் கால்வாசி மாற்றுவேன்.

நண்டுக் கம்பெனியில் சதை பிரித்த கை.
மூன்று தரம் சோப்புப் போட்டும்
முகர்ந்து பார்த்துத்தான் உள்ளே விடுகிறேன்.

தலையில் காலிஃபிளவர் முளைத்த ஒராண்டா
முந்தாநாள் மல்லாந்து மிதந்தது.
தீனியை நிறுத்தினேன்.
பட்டாணி அவித்துத் தோலுரித்து
நகநுனி அளவு.

"குழம்புக்கும் ஆகாது, ஏலத்துக்கும் ஆகாது.
நீந்தவாவது தெரியுதா பார்"
என்பார் ரெமிஜியுஸ்.

நேற்றிரவு கச்சான் காற்றில்
கம்பி அறுந்து கரண்ட் போனது.
காற்றுக்குழாய் நின்றது.
அவர் கடலில்.
டம்ளரால் மொண்டு
மேலேயிருந்து ஊற்றிக்கொண்டே இருந்தேன்.
கூரையைப் பிடுங்குகிற காற்று
கண்ணாடிக்குள் மட்டும் வரவில்லை.

விடிகையில் வந்தார்.
கூடையை வாசலில் இறக்கினார்.
ஏழு கிலோ சாளை, ஐஸ் சொட்டச் சொட்ட.
என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார்.
டம்ளரைக் கேட்டு வாங்கினார்.

"கையைக் கழுவிட்டு" என்றேன்.